கம்பெனி மூடினால் விளையாட்டு செத்துவிடுமா?

தம்பி கேட்டது இதுதான்: அவர் பட்டர்வொர்த்தில் இருக்கிறார், வயது 24. மேஜைமேல் சின்னப் பொம்மைப் படைகளை நகர்த்தி, பகடை உருட்டி விளையாடுகிற இன்ஃபினிட்டி என்ற போர் விளையாட்டைக் காணொளியில் பார்த்து ஆசை வந்துவிட்டது, 800 ரிங்கிட் சேர்த்து வைத்திருக்கிறார். கடையில் பழகியவர்களோ "ஃபார்ட்டி கே (வார்ஹேமர் 40,000) மட்டும் வாங்கு, மற்றதெல்லாம் இரண்டு வருஷத்தில் செத்துப்போகிற விளையாட்டு, எக்ஸ்-விங் என்ன ஆச்சு, வார்மெஷீன் என்ன ஆச்சு என்று பார்த்தாயல்லவா" என்கிறார்கள். இந்த மாதிரிச் சின்ன மினியேச்சர் போர் விளையாட்டுகளுக்கு எதிர்காலம் இருக்கிறதா, இல்லை இது காசைக் கடலில் போடுகிற வேலையா?

நான் பினாங்கில் இருபது வருஷத்துக்கு மேலாக விளையாடுகிறேன். பிழைப்புக்கு பாயான் லெப்பாஸில் ஒரு மோல்டு பட்டறையில் வேலை, பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற எஃகு அச்சுகளைச் செய்து கொடுக்கிற இடம். அதனால் இந்த விஷயத்தை மேஜைப் பக்கம் இருந்தும் பார்த்திருக்கிறேன், மெஷின் பக்கம் இருந்தும் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். ஸ்டார் வார்ஸ் விண்கப்பல்கள் மோதுகிற எக்ஸ்-விங் 2012-ல் வந்தது. வண்ணம் பூசியே பெட்டியில் வரும், வாங்கிய அன்றே விளையாடலாம். அமெரிக்கக் கடைகளின் விற்பனைப் பட்டியலில் ஒரு காலத்தில் வார்ஹேமரையே முந்தியது. 2018-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது பழைய கப்பல்களை வைத்து விளையாடக்கூடத் தனியாகக் காசு கொடுத்து அட்டைகள் வாங்க வேண்டியிருந்தது, பலர் அங்கேயே இறங்கிக்கொண்டார்கள். அப்புறம் விளையாட்டு வேறொரு ஸ்டுடியோவுக்குப் போனது, 2024 அக்டோபரில் இனிமேல் புதிதாக எதுவும் வராது என்று அறிவித்துவிட்டார்கள். வார்மெஷீன் 2003-ல் தொடங்கியது, அதே 2024-ல் கைமாறியது. டிஸ்டோபியன் வார்ஸ் செய்த ஸ்பார்ட்டன் கேம்ஸ் 2017 ஆகஸ்டில் ஒரேயடியாகக் கடையைக் கட்டியது. அதற்கெல்லாம் முன்னால் பிரான்சில் ராக்காம் என்று ஒரு கம்பெனி இருந்தது, கான்ஃப்ரன்டேஷன் விளையாட்டுக்கு அவர்கள் செய்த மெட்டல் பொம்மைகளைப் போல நுணுக்கமான வேலையை அந்தக் காலத்தில் வேறு யாரிடமும் நான் பார்க்கவில்லை. அதை விட்டுவிட்டு வண்ணம் பூசிய பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள், 2010-ல் கம்பெனியே இல்லை. அந்த மெட்டல் பொம்மைகளுக்கு இன்றும் கிராக்கிதான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது அவற்றுக்கு அப்படியே பொருந்தும்.

இந்தப் பக்கம், வார்ஹேமர் விளையாட்டுகளைச் செய்கிற கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பெனிகளுக்குள் போய்விட்டது. ஆக, ஒருத்தர் ஆலமரம், அடியில் மற்றவர்கள் புல். உங்கள் நண்பர்கள் பார்ப்பது இந்தக் காட்சியை.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு நான் பட்டறையில் இருந்து ஒன்று சொல்ல முடியும். இந்தத் துறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் விதிகளைப் பற்றியே பேசுகிறார்கள், அச்சைப் பற்றிப் பேசுவதில்லை. உங்கள் ஃபார்ட்டி கே பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு சட்டம், அதில் கை, கால், தலை எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அந்த ஒரு சட்டத்துக்குப் பின்னால் இரண்டு கனமான எஃகுப் பாளங்கள் இருக்கின்றன. ஒன்று மேடான கோர், இன்னொன்று குழிவான கேவிட்டி. முதலில் கணினி ஓட்டுகிற சிஎன்சி மெஷினில் குடைய வேண்டும், சின்ன விரல், துப்பாக்கிக் குழாய் போன்ற இடங்களுக்கு ஸ்பார்க் மெஷினில் போட்டு எரித்து எடுக்க வேண்டும், அப்புறம் கையால் பாலிஷ். பொம்மை அச்சில் மாட்டிக்கொள்ளாமல் வெளியே வர ஒவ்வொரு பக்கச்சுவருக்கும் லேசான சாய்வு கொடுக்க வேண்டும், எங்காவது உள்வாங்கிய மடிப்பு இருந்தால் அச்சு திறக்காது, அதனால்தான் ஒரே ஆளை ஏழு துண்டாக வெட்டித் தருகிறார்கள். முதல் ட்ரையல் ஷாட் சரியாக வந்ததாக என் அனுபவத்தில் ஞாபகமே இல்லை. எங்காவது பிளாஸ்டிக் போய்ச் சேராது, இல்லை ஓரத்தில் மெல்லிசாகப் பிதுங்கும், மறுபடி கழற்றி, மறுபடி குடைந்து, மறுபடி மாட்டுவோம். எங்கள் பட்டறையில் ஒரு சாதாரண பாட்டில் மூடி அச்சே பத்தாயிரக்கணக்கான ரிங்கிட் ஆகும். அச்சு முடிந்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஆகிற செலவு சில காசுதான். லட்சக்கணக்கில் விற்கிறவனுக்கு அது பொன் விளைகிற நிலம், மூவாயிரம் பெட்டி விற்கிறவனுக்கு அந்த அச்சே கழுத்தில் கட்டிய கல்.

மெட்டல் பொம்மை அப்படி இல்லை. வட்டமான ரப்பர் அச்சைச் சுழலவிட்டு நடுவில் உருகிய வெள்ளீயக் கலவையை ஊற்றுவார்கள், 300 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும், சிலநூறு முறைக்கு அச்சு தாங்கும், தேய்ந்தால் புதிதாக ஒன்று செய்துகொள்ளலாம். ஆயிரம் பேர் வாங்கினால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். சின்னக் கம்பெனிகள் மெட்டலில் இருந்தவரை சின்னதாகவே வாழ்ந்தார்கள். பெரியவர்களைப் பார்த்துப் பிளாஸ்டிக்குக்குத் தாவியவர்களும், ஒரே வருஷத்தில் முப்பது பெட்டி வெளியிட்டுக் கிடங்கை நிரப்பியவர்களும்தான் அதிகம் அடிபட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். இன்ஃபினிட்டி செய்கிற கோர்வஸ் பெல்லி ஸ்பெயினில் கலீசியா பக்கம் இருக்கிறது, அந்த விளையாட்டை 2005-ல் இருந்து நடத்துகிறது, மெட்டலில் வேரூன்றிய கம்பெனி. இருபது வருஷம் தாக்குப்பிடித்திருப்பதற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

சரி, கம்பெனிகளின் கதை அது. கம்பெனி போனபிறகு விளையாட்டு என்ன ஆகிறது என்று பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

பேட்டில்டெக் 1984-ல் வந்தது. அதைச் செய்த ஃபாசா 2001-ல் கதவைச் சாத்தியது. உரிமை கைமாறிக் கைமாறி 2007-ல் கேட்டலிஸ்ட் என்பவர்களிடம் வந்தது, 2019-ல் அவர்கள் கூட்டு நிதி (இணையத்தில் விளையாட்டாளர்களிடம் திரட்டுகிற முன்பணம்) கேட்டபோது 25 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் சேர்ந்தது. எண்பதுகளில் வாங்கிய பொம்மையை இன்றைக்கும் அதே மேஜையில் வைக்கலாம். கேம்ஸ் வொர்க்ஷாப்பின் பிளட் பௌல் 1986-ல் வந்தது, நடுவில் பல வருஷம் கம்பெனி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாஃப் என்கிற விளையாட்டாளர் அமைப்பு நாடு நாடாகப் போட்டி நடத்திக்கொண்டே இருந்தது, யார் யாரோ அணிகளை வார்த்து விற்றார்கள், 2016-ல் கம்பெனியே திரும்பி வந்து புதுப் பதிப்பு போட்டது. அவர்களே வார்ஹேமர் ஃபேன்டஸியை 1983 முதல் 32 வருஷம் நடத்திவிட்டு அந்த உலகத்தையே கதையில் அழித்து 2015-ல் வேறு விளையாட்டைக் கொண்டுவந்தார்கள், விளையாடியவர்கள் பலர் கோபத்தில் தாங்களே விதி எழுதி நயன்த் ஏஜ் என்று நடத்தினார்கள், 2024 ஜனவரியில் ஓல்டு வேர்ல்டு என்ற பெயரில் அதே பழைய உலகம் பெட்டியில் திரும்பி வந்தது. நின்றுபோன எக்ஸ்-விங்குக்கும் ரசிகர்களே கூடிப் புள்ளிப் பட்டியல் (எந்தப் பொம்மைக்கு எத்தனை புள்ளி மதிப்பு என்பது) போட்டுக்கொண்டிருக்கிறார்கள். டிஸ்டோபியன் வார்ஸும் வேறொருவர் கையில் 2020-ல் மறுபடி வந்தது.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கிலாந்தில் ஒரு விளையாட்டு பிழைத்திருப்பதால் பட்டர்வொர்த்தில் இருக்கிற உங்களுக்கு என்ன லாபம்? இந்த இடத்தில்தான் நான் என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

2009, 2010 வாக்கில் ஜார்ஜ்டவுனில் ஒரு கடையின் மாடியில் வெள்ளிக்கிழமை தோறும் வார்மெஷீன் விளையாடுவோம். ஒன்பது பேர். தமிழர்கள் மூன்று பேர், சீன நண்பர்கள் ஐந்து பேர், ஒரு மலாய் அண்ணன். ஃபேக்டரி ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடு வருவார்கள், பத்து மணிக்குக் கடை சாத்தினதும் கீழே மாமாக் கடையில் தே தாரிக், யார் பகடை எப்படிக் கவிழ்த்தது என்று பன்னிரண்டு மணிவரை பேச்சு. அந்தக் கூட்டத்தை நடத்தியவர் ஒரே ஒரு ஆள். கம்பெனியின் தன்னார்வலர் திட்டத்தில் பெயர் கொடுத்திருந்தார். மோட்டார் சைக்கிளில் இரண்டு பை கட்டிக்கொண்டு வருவார். ஒன்றில் அவருடைய படை, இன்னொன்றில் யாராவது புதிதாக வந்தால் கொடுப்பதற்கு இன்னொரு படை. மாடிப்படி ஏறி எவனாவது எட்டிப் பார்த்தால் போதும், "உட்கார் தம்பி, இதை எடுத்துக்கொள்" என்று பையைத் திறந்துவிடுவார். நான் அந்த விளையாட்டுக்குள் வந்ததே அந்த இரண்டாவது பையால்தான்.

2013-ல் அவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. போனார். அடுத்த மாதம் ஆறு பேர் வந்தோம், அதற்கடுத்த மாதம் நான்கு. இந்த வாரம் யார் வருகிறார்கள் என்று கேட்டு செய்தி அனுப்புகிற ஆள் இல்லை, அவ்வளவுதான் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நான் மட்டும் போய் உட்கார்ந்திருந்தேன், கடைக்காரர் பாவம் பார்த்து ஃபேனைப் போட்டுவிட்டுப் போனார். அந்த வருஷம் உலகம் முழுக்க வார்மெஷீன் கொடிகட்டிப் பறந்த வருஷம் என்பதைக் கவனியுங்கள். கம்பெனி நல்லா இருந்தது, புதுப் பொம்மை மாதாமாதம் வந்தது, பினாங்கில் விளையாட்டு செத்துப்போயிருந்தது. 2017-ல் கம்பெனி அந்தத் தன்னார்வலர் திட்டத்தையே எடுத்துவிட்டபோது மற்ற ஊர்களில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, எங்கள் மாடியில் நான் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

அதனால் என்னைக் கேட்டால், ஒரு சின்ன விளையாட்டின் உயிர் அந்த இரண்டாவது பையில் இருக்கிறது. உங்கள் ஊரில், உங்களுக்குத் தோதான அதே இரவில், எதிரே உட்கார ஒரு ஆள் இருந்தால் அந்த விளையாட்டுக்கு எதிர்காலம் உண்டு. அந்த ஆளைக் கம்பெனி அனுப்பப் போவதில்லை. நாம்தான் பிடிக்க வேண்டும், அவன் கையில் கொடுக்க நம்மிடம் ஒரு படை இருக்க வேண்டும்.

கடைக்காரர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "கடையில் வைப்பதில்லை, அதனால் செத்துப்போச்சு" என்று பலர் அவர்கள்மேல் கோபப்படுகிறார்கள். ஒரு சின்ன விளையாட்டில் ஏழெட்டுப் பிரிவு, அதாவது தனித்தனிப் படை வகை, இருக்கும், ஒவ்வொரு பிரிவுக்கும் இருபது முப்பது பெட்டி. ஊரில் விளையாடுகிறவர்கள் நான்கு பேர், நான்கு பேரும் நான்கு பிரிவு. எந்தப் பெட்டியை அவர் அலமாரியில் வைப்பார்? வைத்த பெட்டி மூன்று வருஷம் தூசி பிடிக்கும், நடுவில் புதுப் பதிப்பு வந்து அதை யாரும் தொட மாட்டார்கள். அதே இடத்தில் சீட்டு விளையாட்டுப் பாக்கெட்டுகளை வைத்தால் அன்றன்றைக்குப் பணம். வாடகை கட்டுகிற மனுஷனிடம் போய் நாம் நியாயம் பேச முடியாது. அதனால் நாம் வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கிறோம், தபால் செலவு, 2024 ஜனவரியில் இருந்து 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிக்கும் பத்து சதவீத வரி, எல்லாம் சேர்ந்துகொள்கிறது. கூட்டு நிதித் திட்டங்களில் போடுவதாக இருந்தால் இன்னும் கவனம். நான் ஒருமுறை ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டி மூன்று வருஷம் காத்திருந்தேன், பாதிதான் வந்தது, மீதிக்கு இன்றுவரை பதில் இல்லை. அந்தப் பணத்தைவிட, அதை நம்பி என்னோடு சேர்ந்து கட்டிய இரண்டு நண்பர்கள் அதோடு இந்தப் பக்கமே வராமல் போனதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது திரவ ரெசினை வெளிச்சத்தால் இறுகவைத்து வீட்டிலேயே பொம்மை அச்சடிக்கிற ரெசின் பிரிண்டர் வந்திருக்கிறதே, அது எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்கிறார்கள். பாதி மாற்றிவிட்டது. பூச்சோங்கில் இருக்கிற என் நண்பர் வீட்டு பால்கனியில் ஒன்று வைத்திருக்கிறார், ரயிலில் கேஎல் (கோலாலம்பூர்) போகும்போதெல்லாம் அவர் வீட்டில்தான் தங்குவேன். ஒரு தட்டில் பன்னிரண்டு ஆட்களை நிறுத்தி வைப்பார். ஒரு படலம் 0.05 மில்லிமீட்டர், 35 மில்லிமீட்டர் உயர ஆளுக்கு 700 படலம், கீழே தாங்குகிற குச்சிகளையும் சேர்த்தால் இன்னும் கூட. ஒரு ஆளை நிறுத்தினாலும் பன்னிரண்டு பேரை நிறுத்தினாலும் அதே நேரம்தான், ஏனென்றால் மெஷின் ஒவ்வொரு படலத்தையும் முழுத் தட்டுக்கும் ஒரே வெளிச்சத்தில் இறுகவைக்கிறது. இரண்டரை, மூன்று மணி நேரம் கழித்துத் தட்டு மேலே வரும்போது ஆட்கள் எல்லாரும் தலைகீழாகத் தொங்குவார்கள், பிசுபிசு என்று ரெசின் சொட்டும். கையுறை போட்டு எடுத்து, ஆல்கஹாலில் அலசி, குச்சிகளை வெட்டி, புறஊதா விளக்கில் காயவைக்க வேண்டும். அந்தக் குச்சி வெட்டிய இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னப் புள்ளி நிற்கும், நல்ல ஆள் அதை முதுகுப் பக்கமாக வரும்படி சாய்த்து வைப்பார். எங்கள் பட்டறையில் ஆறு வாரம் ஆகிற வேலைக்கு நிகரான ஒன்று பால்கனியில் ஒரு சாயங்காலத்தில் முடிவதைப் பார்த்து எனக்கு முதல் நாள் பேச்சே வரவில்லை. (காயாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் படுக்கையறையில் வைக்கவே கூடாது, இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன்.)

இதனால் சின்ன விளையாட்டுகளுக்குக் கிடைத்திருப்பது பெரிய விடுதலை. அச்சுச் செலவு என்ற அந்தக் கல் கழுத்திலிருந்து இறங்கிவிட்டது. ஒரே ஒரு சிற்பி, ஒரே ஒரு விதி எழுதுபவர் சேர்ந்து ஒரு விளையாட்டை நடத்திவிடலாம், கிடங்கும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். நின்றுபோன விளையாட்டுக்குப் பொம்மை கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஃப்ராஸ்ட்கிரேவ் மாதிரி 2015-ல் இருந்து ஓடுகிற விளையாட்டுகள் எந்தப் பொம்மையையும் வைத்துக்கொள்ளலாம் என்றே விதி எழுதியிருக்கின்றன, இருக்கிற பத்துப் பேரைக் கொண்டு நாளைக்கே தொடங்கலாம்.

ஆனால் ஒன்று எனக்குக் கவலையாக இருக்கிறது. கடை நமக்கு மேஜையைச் சும்மா கொடுத்தது பெட்டி விற்றதால். எல்லாரும் வீட்டிலேயே அச்சடித்துக்கொண்டு கடைக்கு வந்து விளையாடினால் அந்த மேஜைக்கு, ஏர்கானுக்கு, மாடி வாடகைக்கு யார் கொடுப்பது? மேஜை போனால் புதியவன் எட்டிப் பார்க்க மாடிப்படி இல்லை. அதனால் தயவுசெய்து மேஜைக்குக் காசு கொடுங்கள். கடைக்காரர் கேட்காவிட்டாலும் கொடுங்கள், ஒரு பெயிண்ட் டப்பாவாவது வாங்குங்கள். பிரிண்டரில் போடுகிற பொம்மை ஃபைலையும் செய்தவரிடம் காசு கொடுத்தே வாங்குங்கள், அந்தச் சிற்பி நான்கு பேர் கொடுக்கிற காசில்தான் அடுத்த உருவத்தைச் செதுக்குகிறார்.

இன்னொரு ஆபத்து கைபேசி ஆப். முன்பு ரூல்புக் கையில் இருந்தது, கம்பெனி போனாலும் புத்தகம் போகாது. இப்போது சில விளையாட்டுகளில் கார்டு, புள்ளி, படைப் பட்டியல் எல்லாம் ஆப்பில். வார்மெஷீன் நான்காம் பதிப்பே அப்படித்தான். வசதிதான், ஆனால் சர்வரை நிறுத்துகிற அன்றைக்கு உங்கள் படை வெறும் பொம்மை. எந்த விளையாட்டை எடுத்தாலும் முதல் வேலையாக விதிகளைக் காகிதத்தில் அச்சடித்து ஃபைல் போட்டு வைத்துவிடுங்கள். இன்ஃபினிட்டியின் விதிகளை அவர்களே இலவசமாகத் தருகிறார்கள், அச்சுக்கடையில் கொடுத்தால் ஸ்பைரல் போட்டுத் தந்துவிடுவார்கள்.

நிலையான எதிர்காலம்தான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்றால் வரலாற்று விளையாட்டுகள் பக்கம் வாருங்கள் என்று சொல்வேன். வரலாற்றுக்குக் காப்புரிமை கிடையாது. ஒரு கம்பெனி மூடினால் அதே அளவில் இன்னொரு கம்பெனியின் பொம்மையை வாங்கிக்கொள்ளலாம், விதி பிடிக்காவிட்டால் பொம்மையை வைத்துக்கொண்டு விதியை மாற்றிக்கொள்ளலாம். பிளேம்ஸ் ஆஃப் வார் நியூசிலாந்துக் கம்பெனியுடையது, ஆனால் அந்தப் பொம்மைகளை வார்த்தது நம் மலேசியாவில், என்னிடம் இருக்கிற பழைய பாக்கெட்டுகளை எடுக்கும்போதெல்லாம் அது எனக்குப் பெருமையாக இருக்கும். டி.பி.ஏ. என்று 1990-ல் வந்த பழங்கால விதி ஒன்று இருக்கிறது, ஒரு படைக்கு வெறும் 12 பேஸ் (பொம்மைகளை ஒட்டிய சின்னத் தட்டு), இரண்டடி மேஜை, ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். அதில் தமிழர் படைக்கென்றே ஒரு பட்டியல் உண்டு, யானையோடு. 1025-ல் ராஜேந்திர சோழனின் படை கடாரத்துக்கு, அதாவது இன்றைய கெடாவுக்கு, வந்ததை அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு விளையாடுவது வேறு எந்த நாட்டுக்காரனுக்கும் கிடைக்காத சுகம். அப்புறம் பேராக்கில் இருக்கிற கம்பார். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நடந்த சண்டை. ஜிட்ராவில் இருந்து பின்வாங்கிக்கொண்டே வந்த பிரிட்டிஷ்-இந்தியப் படை அங்கே நின்று ஜப்பானியரைத் தடுத்தது, அதில் பஞ்சாபிச் சிப்பாய்களும் இருந்தார்கள். சண்டை நடந்த அந்தப் பச்சைக் குன்று (கிரீன் ரிட்ஜ்) இன்னும் அங்கே இருக்கிறது. காலையில் போய்ப் பதுங்குகுழிகளைப் பார்த்துவிட்டு வந்து சாயங்காலம் அதையே மேஜையில் போட்டோம். எங்கள் தாத்தாக்கள் தோட்டத்தில் இருந்து கேட்ட சண்டை அது. என்னோடு வந்த இரண்டு பேர் அதுவரை பகடையைத் தொட்டதே இல்லை, அன்றைக்கு எழுந்திருக்கவே மறுத்துவிட்டார்கள்.

சரி, உங்கள் 800 ரிங்கிட்டுக்கு வருகிறேன். இன்ஃபினிட்டி நல்ல தேர்வு. 300 புள்ளி ஆட்டத்துக்கே அதிகபட்சம் 15 பேர்தான், பத்துப் பேரோடு தாராளமாக விளையாடலாம். நான்கடிக்கு நான்கடி மேஜை போதும். எதிராளி ஆடும்போது நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டீர்கள், அதுதான் அதில் எனக்கு உயிர். அவன் ஆள் ஒரு சந்து முனையைத் தாண்டினால், உங்கள் ஆள் கண்ணில் பட்டால், உடனே நீங்களும் 20 முகப் பகடையை உருட்டிச் சுடலாம். அந்தச் சந்துகள் நிறைய வேண்டும், வெறும் மேஜையில் போட்டால் இரண்டு நிமிஷத்தில் எல்லாரும் செத்துப்போவார்கள். ஷூ பெட்டி, மைலோ டின், அட்டை இவற்றை வைத்துக் கட்டடம் செய்துகொள்ளுங்கள், அதற்குக் காசு போட வேண்டாம்.

ஒரே படைக்கு 800-ஐயும் போடாதீர்கள். ஒருத்தர் மட்டும் வாங்கிய பெரிய படை அலமாரிக்குத்தான் போகும், நான் நிறையப் பார்த்துவிட்டேன். பாதியில் உங்களுக்குப் பிடித்த பிரிவு ஒன்று, ஆறேழு பேர். மீதிப் பாதியில் அதோடு மோதுகிற இன்னொரு சின்னப் படை, முடிந்தால் பழையது யாரிடமாவது. கேஎல்-இல் விட்டுவிட்டுப் போகிறவர்கள் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள், மெட்டல் என்பதால் பழைய பெயிண்ட்டைக் கரைத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம். அந்த இரண்டாவது படையை முதலில் பெயிண்ட் பண்ணுங்கள், ஏனென்றால் புதிதாக வருகிறவன் கையில் எடுக்கப்போவது அதுதான். பிரைமரை (பெயிண்ட்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சை) மழை பெய்கிற நாளில் ஸ்ப்ரே பண்ணாதீர்கள், நம் ஊர் ஈரத்தில் மணல் கொட்டினதுபோல் சொரசொரவென்று வந்துவிடும். காலை பத்து மணி வெயிலுக்குப் பிறகு, ஐந்தாறு சின்ன வீச்சாக அடியுங்கள், இல்லையென்றால் பிரஷ்ஷிலேயே பூசிவிடுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு ஆட்டம் போட்டுப் பாருங்கள். என்னிடம் இரண்டு படை இருக்கிறது. சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்து ஃபெர்ரி ஏறினால் நான்கு மணிக்கு உங்கள் பக்கம் வந்துவிடுவேன். இரண்டு பையையும் நானே கொண்டு வருகிறேன், நீங்கள் மேஜைக்கு ஒரு இடம் பாருங்கள். உங்களிடம் "செத்துப்போகிற விளையாட்டு" என்று சொன்னாரே, அந்த நண்பரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.